நடுக்கடலில் ஹேண்ட் பிரேக்

போர் முடிந்ததும் ராணுவத்தில் மிச்சமிருக்கும் ஆட்களிலேயே ஆபத்தானவர், கையில் வேலையில்லாத இன்ஜினியர்தான். இடிக்கப் பாலம் இல்லை, இடித்ததைத் திரும்பக் கட்ட உத்தரவும் இல்லை. ஊருக்குப் போகும் கப்பலில் எப்போது இடம் கிடைக்கும் என்று காத்துக் கிடக்க வேண்டும். அந்த மாதிரி நேரத்தில் மனசு கண்ட இடத்துக்கும் போகும். 1946-இல் வங்காளத்தில், கரக்பூர் பக்கத்துக் கலைக்குண்டா விமானத் தளத்தில், பென் கார்லின் என்ற ஆஸ்திரேலியரின் மனசு போன இடம் அட்லாண்டிக் பெருங்கடல்.

அதுவும் ஜீப்பில்.

ஆளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1912-இல் மேற்கு ஆஸ்திரேலியாவின் நார்த்தம் என்ற ஊரில் பிறந்தவர். தங்கம் தோண்டும் ஊரான கல்கூர்லியில் சுரங்க இன்ஜினியரிங் படித்தார். 1939-இல் சீனாவுக்குப் போய் பிரிட்டிஷ்காரர்களின் நிலக்கரிச் சுரங்கம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். போர் வந்ததும் இந்திய ராணுவத்தின் இன்ஜினியர் பிரிவு. இந்தியா, மத்திய கிழக்கு, இத்தாலி என்று சுற்றிவிட்டு மறுபடி இந்தியா. அதாவது, பாதி வாழ்க்கையைப் பூமிக்கு அடியில் கழித்த மனிதர். கடலோடு அவருக்கு அதுவரை இருந்த சம்பந்தம், டிக்கெட் வாங்கிக்கொண்டு கப்பலில் போனது.

விமானத் தளத்தில் ராணுவம் கழித்துப்போட்ட வண்டிகளுக்கு நடுவே ஒரு தண்ணீர் ஜீப் நின்றது. அதைச் சுற்றிச் சுற்றி வந்த கார்லின், கூட இருந்த பிரிட்டிஷ் விமானப்படை நண்பரிடம், இதைக் கொஞ்சம் தட்டி நிமிர்த்தினால் உலகத்தையே சுற்றி வரலாம் என்றார். நண்பர் சொன்ன பதிலின் சாரம், உனக்கு மறை கழன்றுவிட்டது என்பது. இந்தப் பயணத்தைப் பற்றி உலகம் சொன்ன முதல் அபிப்பிராயம் அதுதான். பிற்பாடு வந்த நிபுணர்கள் யாரும் அதைவிடத் துல்லியமாக எதையும் சொல்லிவிடவில்லை.

வண்டியின் பூர்வோத்தரத்தைப் பார்த்தால் நண்பர் பக்கம் எவ்வளவு நியாயம் இருந்தது என்று தெரியும். ஃபோர்டு கம்பெனி 1942, 43-இல் அமெரிக்க ராணுவத்துக்காகச் செய்தது, பெயர் ஜிபிஏ. ஒரு சாதாரண ஜீப்பை எடுத்து, சுற்றிலும் தகட்டில் படகுக் கூடு கட்டி, பின்னால் ஒரு புரொப்பல்லரை மாட்டினால் ஜிபிஏ. கூட்டை வரைந்து கொடுத்தவர்கள் ஸ்பார்க்மன் அண்டு ஸ்டீஃபன்ஸ், பணக்காரர்களின் பந்தயப் பாய்மரப் படகுகளை வடிவமைத்த பெரிய இடம். காகிதத்தில் அது அம்சமாக மிதந்தது. செய்து முடித்துப் பார்த்தபோது, திட்டமிட்டதைவிட எடை ஏகத்துக்கும் ஏறியிருந்தது. எடை ஏறினால் படகு தாழும். தண்ணீருக்கும் வண்டியின் விளிம்புக்கும் நடுவே கடைசியில் மிஞ்சியது, பொங்குவதற்கு ஒரு நொடி முன்னால் பால் பாத்திரத்தில் இருக்குமே, அந்த இடைவெளி. குளத்தில் ஓடும். சமர்த்தான ஆற்றில் ஓடும். அலை என்று ஒன்று வந்தால், அது நேராக உள்ளே வந்து டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளும்.

சுமார் 12,700 வண்டிகள் செய்த பிறகு 1943-லேயே உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். கையில் இருந்ததில் நிறையச் சோவியத் யூனியனுக்குத் தள்ளிவிட்டார்கள். நமக்கு ஆகாததை நண்பனுக்குக் கொடுப்பது வல்லரசுகளிடமும் உள்ள பழக்கம்தான். ஆனால் ரஷ்யாவில் ஆறுகளுக்குப் பஞ்சமில்லை. அவர்களுக்கு வண்டி பிடித்துப்போய், போருக்குப் பிறகு காஸ்-46 என்று தாங்களே ஒரு நகல் செய்துகொண்டார்கள். இந்த ரஷ்ய விவகாரத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறது.

ஆக, ஆற்றைத் தாண்டவே சகுனம் பார்க்கும் வண்டி. அதை வைத்துத்தான் அட்லாண்டிக்.

கார்லின் 1947-இல் அமெரிக்காவுக்குப் போய் ராணுவ ஏலத்தில் ஒரு ஜிபிஏவை 901 டாலருக்கு எடுத்தார். அந்த 901-இல் அந்த 1 டாலர் என்னைத் தொந்தரவு செய்துகொண்டே இருக்கிறது. இதற்கும் போட்டியாக 900 கேட்ட ஒருத்தர் அங்கே இருந்தாரோ என்னவோ. எடுத்த வண்டியை டிங்கரிங் வேலைக்கு விட்டார், இல்லை, தானே டிங்கரிங் ஆனார். மூக்கை நீட்டினார். பின்பக்கத்தை நீட்டினார். மேலே தகட்டில் ஒரு அறை கட்டினார். மூக்குக்குள் பெட்ரோல் டாங்க், வயிற்றுக்கு அடியில் பெட்ரோல் டாங்க், போதாது என்று பின்னால் கயிறு கட்டி இழுத்துப் போக ஒரு பெட்ரோல் டாங்க். வண்டிக்குள் இருந்த சொகுசு, ஒருவர் படுக்க ஒரு பலகை. அதில் ஒருவர் படுத்தால் மற்றவர் ஓட்டியே ஆக வேண்டும். கிளட்ச், கியர், ஹேண்ட் பிரேக் எல்லாம் ஜீப்பில் இருந்த இடத்தில் இருந்தபடியே இருந்தன. நடுக்கடலில் ஹேண்ட் பிரேக்கை என்ன செய்வது என்று கேட்கக் கூடாது. கழற்றினால் கரையில் வேண்டும்.

பெயர் வைத்ததுதான் இந்தக் கதையிலேயே அவர் செய்த நேர்மையான காரியம். அந்நாளில் அமெரிக்காவில் ஆரிட் என்றொரு அக்குள் நாற்றப் பூச்சு பிரபலம். பாதிப் பாதுகாப்போடு இருந்துவிடாதீர்கள், எங்கள் பூச்சைப் பூசிக்கொள்ளுங்கள் என்பது அதன் விளம்பரம். அதிலிருந்து பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு வண்டிக்கு ‘ஹாஃப்-சேஃப்’ என்று பெயர் வைத்தார். பக்கவாட்டில் பெரிதாக எழுதியும் வைத்தார். ஏறுகிறவர்கள் யாரும் எங்களுக்குச் சொல்லவில்லையே என்று பிறகு கேட்க முடியாது.

ஏறியவர் எலினோர். பாஸ்டன் பக்கத்துப் பெண். அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்துக்காக இந்தியாவில் வேலை பார்த்தபோது கார்லினுக்குப் பழக்கமாகி, மனைவியும் ஆனவர். அந்தக் காலத்து அமெரிக்காவில் புதுசாகக் கல்யாணமானவர்கள் தேனிலவுக்கு நயாகராவுக்குப் போவார்கள். அங்கேயும் தண்ணீர்தான், ஆனால் தூரத்தில் நின்று பார்க்கலாம்.

இந்த இடத்தில் ஒரு விஷயம். கண்டம் விட்டுக் கண்டம் வண்டி ஓட்டியவர்களைப் பற்றி எழுதும் எல்லாக் கட்டுரையிலும் ‘தன்னந்தனியாக உலகைச் சுற்றிய மாவீரன்’ என்ற வரி எங்கேயாவது வந்து உட்கார்ந்துகொள்ளும். கார்லினையும் அந்த வரிசையில்தான் நிறுத்துகிறார்கள். ஆனால் அவர் தனியாகக் கிளம்பவே இல்லை. பெரும்பாலும் யாராவது ஒருவர் பக்கத்தில் இருந்தார்கள்; அந்த யாராவது அவ்வப்போது மாறிக்கொண்டே இருந்தார்கள். புத்தி உள்ளவர்கள் ஒவ்வொரு துறைமுகமாக இறங்கிக்கொண்ட பிறகு வண்டியில் எஞ்சியதுதான் இந்த வீரத் தனிமை.

1948 ஜூனில் நியூயார்க்கிலிருந்து முதல் முயற்சி. எஞ்சினின் புகை வெளியே போகாமல் அறைக்குள்ளேயே தங்கி, புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் தலை சுற்றி மயக்கம் வர, திரும்பி வந்தார்கள். கடல் கொல்வதற்கு முன் சைலன்சர் கொல்லப் பார்த்தது. சரி செய்துகொண்டு மறுபடி போனார்கள். மறுபடி வந்தார்கள். அதே கோடையில் இன்னொரு தடவை கரையிலிருந்து நூற்றுக்கணக்கான மைல் போன பிறகு புரொப்பல்லர் பக்கத்தில் பேரிங் போய்விட்டது. பேரிங் போனால் அண்ணா சாலையில் ஓரங்கட்டி மெக்கானிக்குக்குச் சொல்லி அனுப்பலாம். அட்லாண்டிக்கில் ஓரம் கிடையாது. நாள் கணக்கில் மிதந்து கிடந்தவர்களை ஒரு எண்ணெய்க் கப்பல் பார்த்துவிட்டு, ஜீப்போடு சேர்த்துத் தூக்கிப் போட்டுக்கொண்டு போய்க் கனடாவில் மாண்ட்ரியாலில் இறக்கியது.

அந்தக் கப்பல் கேப்டனின் மனநிலையை நினைத்துப் பார்க்கிறேன். கண்ணாடியை வைத்துப் பார்க்கிறார். கடலில் ஒரு கார் நிற்கிறது. இதைக் கப்பல் குறிப்பேட்டில் எழுதினால் முதலாளி என்ன நினைப்பார்?

சாதாரண மனிதர்களுக்கு இது போதும். எலினோருக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது என்பதும் இதற்குள் ஊர்ஜிதமாகியிருந்தது. வண்டி தண்ணீரில் இறங்கியதும் அவருக்கு வாந்தி தொடங்கும், கரையேறினால் நிற்கும். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து எலுமிச்சம்பழம் முகரும் ஜாதி. அப்படிப்பட்டவரைப் பெருங்கடலுக்குக் கூட்டிப் போனவரை மாவீரன் என்கிறோம். கூடப் போனவருக்கு என்ன பட்டம் என்று இன்றுவரை யாரும் யோசிக்கவில்லை.

1950 ஜூலை 19. கனடாவின் ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்திலிருந்து மறுபடி கிளம்பினார்கள். போய்ச் சேர வேண்டிய இடம் அஸோர்ஸ் தீவுகள், போர்ச்சுகலுக்குச் சொந்தமானவை, நடு அட்லாண்டிக்கில் இருப்பவை. இந்தத் தடவை ஜீப் நிற்கவில்லை. ஆனால் ஓடியது என்றும் சொல்லிவிட முடியாது. தூரத்தை நாளால் வகுத்துப் பார்த்தால், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காலாற நடக்கிறவரின் வேகம் வருகிறது. அந்த வேகத்தில் ஏறக்குறைய ஒரு மாதம். ஒருவர் ஸ்டியரிங், ஒருவர் பலகை. பெட்ரோல் வாடைக்கு நடுவில் சமையல், சாப்பாடு, தூக்கம். ராத்திரியும் எஞ்சின் ஓட வேண்டும். ராத்திரியும் ஒருவர் விழித்திருந்து திசை காட்டியைப் பார்க்க வேண்டும்.

அந்த ஒரு மாதத்தில் நடந்த ஒரு காரியத்தை மட்டும் கிட்டப் போய்ப் பார்க்கலாம். நாள் கணக்கில் ஒரே வேகத்தில் உறுமிக்கொண்டே இருந்தால் எஞ்சினுக்குள் கார்பன் படியும். இழுவை குறையும். ஒர்க் ஷாப்பில் இதற்கு ஹெட்டைக் கழற்றிக் கார்பன் சுரண்டுவார்கள். வண்டியை விட்டுவிட்டுப் போய் டீ குடித்துவிட்டு வரலாம். கார்லின் அதை நடுக்கடலில் செய்தார். எஞ்சினை நிறுத்தினால் வண்டி அலைக்குக் குறுக்கே திரும்பிப் புரளும். புரளும் வண்டியில் குப்புறக் குனிந்து, சூடு ஆறாத எஞ்சினின் ஹெட் நட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். கழற்றிய நட்டு உருண்டு ஓடி வண்டியின் அடி வயிற்றில் தேங்கிக் கிடக்கும் எண்ணெய்த் தண்ணீரில் விழுந்தால் அதோடு கதை முடிந்தது. வாங்கி வர எதிர்க் கடை கிடையாது. ஹெட்டைத் தூக்கி, கேஸ்கட்டைக் கிழியாமல் எடுத்து, பிஸ்டன் தலையையும் வால்வையும் சுரண்டி, சுரண்டிய கரி உள்ளே விழாமல் துடைத்து, எல்லாவற்றையும் திரும்ப வைத்து முடுக்க வேண்டும். முடுக்கிய பிறகு ஸ்டார்ட் ஆக வேண்டும்.

ஆயிற்று. அங்கேதான் எனக்கு இந்த ஆள் மேல் கோபம் குறைகிறது. கிறுக்கர்தான், ஆனால் ஸ்பானர் பிடிக்கத் தெரிந்த கிறுக்கர்.

ஆகஸ்டில் அஸோர்ஸின் ஃப்ளோரெஸ் தீவு தெரிந்தது. அட்லாண்டிக்கைத் தாண்டி வந்த ஜீப் கியர் மாற்றிக்கொண்டு கரையேறியது. அங்கே காசு தேற்றி, ரிப்பேர் பார்த்து, தீவு தீவாகத் தாவி, மதைராவை நோக்கிப் போகும்போது புயலில் மாட்டி நைந்து, ஒருவழியாக 1951 தொடக்கத்தில் ஆப்பிரிக்கக் கரையில் கேப் ஜூபி என்ற இடத்தில் ஏறினார்கள். அன்று ஸ்பெயின் கையில் இருந்த பாலைவன முனை. அதற்கு இருபது, இருபத்தைந்து வருஷம் முன்னால் அங்கே தபால் விமான நிலையத்தின் பொறுப்பாளராகத் தனியே உட்கார்ந்திருந்தவர் செந்தெக்சுபெரி, ‘குட்டி இளவரசன்’ எழுதியவர். வானத்திலிருந்து ஒரு சின்னப் பையன் பாலைவனத்தில் வந்து இறங்குவதாகத்தான் அவரால் கற்பனை செய்ய முடிந்தது. கடலிலிருந்து ஜீப் ஏறி வரும் என்பது அவருக்கே தோன்றவில்லை.

பிறகு மொராக்கோ, ஜிப்ரால்டர் நீரிணை, ஐரோப்பா, ஆங்கிலக் கால்வாய். முன்பு அட்லாண்டிக்கில் கிடந்தவர்களுக்கு இதெல்லாம் வாய்க்கால். இங்கிலாந்தில் பர்மிங்ஹாமில் காசு தீர்ந்தது. அங்கேயே வருஷக் கணக்கில் தங்கி, வண்டியைப் பிரித்துப் போட்டுக் கட்டி, புத்தகமும் எழுதினார். 1955-இல் அது வெளிவந்தது. ஒரு சமாச்சாரத்தை உருப்படியாகச் செய்து முடித்த மனிதன் அதோடு நின்றிருக்கலாம். கடலைத் தாண்டியாயிற்று, புத்தகம் வந்தாயிற்று, பெண்டாட்டியும் இன்னும் கூட இருக்கிறாள். ஆனால் கார்லின் சொன்னது உலகத்தைச் சுற்றுகிறேன் என்று. சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற ஆட்களோடு குடும்பம் நடத்துவது கஷ்டம்.

துருக்கி, ஈரான், பாகிஸ்தான் வழியாகத் தரை மார்க்கமாக இந்தியா. யோசனை பிறந்த வங்காளத்துக்கே, யோசனையிலேயே ஏறி உட்கார்ந்து வந்து சேர்ந்தார். கையில் காசில்லை. வண்டியைக் காட்டிச் சம்பாதிக்க ஆஸ்திரேலியா போக வேண்டும். எப்படிப் போனார் தெரியுமா? ஜீப்பைக் கப்பலில் ஏற்றி! அலைகளைத் தானே கடந்து வந்த வண்டி, சரக்கோடு சரக்காகக் கட்டி வைக்கப்பட்டுப் பயணம் செய்தது. இப்படி ஒரு வசதி இருப்பது முன்பே ஞாபகம் வந்திருந்தால் எலினோரின் குடலுக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

எலினோர் அந்தச் சமயத்தில்தான் இறங்கிக்கொண்டார். வண்டியிலிருந்து மட்டுமல்ல, கல்யாணத்திலிருந்தும். அட்லாண்டிக், ஆப்பிரிக்கா, ஐரோப்பா, ஆசியாவில் பாதி. பலகை ஒன்று, வாந்தி நூறு. போதும் என்று ஒரு பெண் முடிவு செய்ய இதற்கு மேல் ஆதாரம் தேவையில்லை. பயண வரலாறுகளில் இந்த இடம் வந்தால் ‘துரதிர்ஷ்டவசமாக மனைவி பிரிந்தார்’ என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த கடலுக்குப் போய்விடுகிறார்கள். யாருக்குத் துரதிர்ஷ்டம் என்பதை மட்டும் சொல்வதில்லை. ஏழரை நாட்டுச் சனிகூட ஏழரை வருஷத்தில் விட்டுவிடும். இந்த ஜீப் மொத்தம் பத்து வருஷம் பிடித்தது. அவர் கெட்டிக்காரர், நடுவிலேயே பரிகாரம் செய்துகொண்டார்.

காலியான சீட்டில் பாரி ஹான்லி என்ற ஆஸ்திரேலிய இளைஞர் ஏறினார். கல்கத்தாவிலிருந்து பர்மா, தாய்லாந்து, வியட்நாம், ஹாங்காங் என்று தரையும் கடலுமாக ஜப்பான் வரை. சாலை என்று வரைபடம் சொன்ன இடத்தில் பல சமயம் காடு இருந்தது. இந்தப் பகுதியைப் பற்றி விரிவாக எழுத இடமிருக்கிறது, ஆனால் சாராம்சம் இவ்வளவுதான்: கார்லினுக்கு முன்கோபம் ஜாஸ்தி, குடியும் உண்டு, வண்டிக்குள் இடமோ குறைச்சல். ஜப்பானில் ஹான்லி இறங்கினார்.

அடுத்து ஏறியவர் போயே லஃபாயெட் டி மென்டே, டோக்கியோவில் இருந்த அமெரிக்கப் பத்திரிகையாளர். ஜப்பானியர்களோடு மரியாதையாகப் பழகுவது எப்படி என்று பிற்காலத்தில் புத்தகம் புத்தகமாக எழுதித் தள்ளியவர். அந்த ஆளை கார்லினோடு ஒரு தகட்டு அறையில் போட்டு மூடி, வட பசிபிக்கில் விட்டால் எப்படி இருக்கும்? அவர் பின்னால் எழுதிய பயணப் புத்தகத்தின் தலைப்பிலேயே தன்னை முட்டாள் என்று குறிப்பிட்டுக்கொண்டார்; மேற்கொண்டு விசாரிக்க வேண்டியதில்லை.

1957-இல் ஜப்பானின் வட முனையிலிருந்து கிளம்பினார்கள். குளிர், மூடுபனி, எதிரே ஆயிரக்கணக்கான மைல் தண்ணீர். போகிற வழியில் குரில் தீவுகள், 1945-லிருந்து சோவியத் கையில். பனிப்போர் உச்சத்தில் இருந்த காலம். அமெரிக்க ராணுவ ஜீப்பில் ஒரு முன்னாள் ராணுவ மேஜரும் ஒரு அமெரிக்கப் பத்திரிகையாளரும் போய் ரஷ்யர்களிடம் மாட்டினால், நாங்கள் சும்மா உலகத்தைச் சுற்றுகிறோம் என்ற விளக்கத்தை எந்த இன்ஸ்பெக்டர் நம்புவார்? ஆனால் யோசித்தால், ரஷ்யர்களிடம் இதே வண்டி ஏற்கெனவே ஆயிரக்கணக்கில் இருந்தது. தங்கள் வண்டிதான் ஏதோ ஓடி வந்துவிட்டது என்று இழுத்துக் கட்டிப் போட்டிருக்கவும் கூடும். நல்லவேளை, அதற்கெல்லாம் அவசியம் வரவில்லை. அலூஷியன் தீவுக் கூட்டத்தின் மேற்குக் கோடியில் இருக்கும் ஷெம்யாவில், அமெரிக்க விமானப்படை தளத்தில் கரையேறினார்கள். அங்கிருந்து தீவு தீவாக அலாஸ்கா. அலாஸ்காவில் டி மென்டே இறங்கினார். சீட்டு மறுபடி காலி.

1958 மே மாதம் ஹாஃப்-சேஃப் மாண்ட்ரியாலுக்குள் நுழைந்தது. எண்ணெய்க் கப்பல் இறக்கிவிட்ட அதே மாண்ட்ரியால். நிலத்தில் 62,000 கிலோமீட்டருக்கு மேல், தண்ணீரில் 15,000 கிலோமீட்டருக்கு மேல். பூமியின் சுற்றளவே 40,000 கிலோமீட்டர் சொச்சம்தான். மீட்டர் போட்டு ஓட்டியிருந்தால் சவாரி செய்தவர் சண்டைக்கு வந்திருப்பார்.

வந்து சேர்ந்தபோது உலகத்துக்கு வேறு வேலை இருந்தது. அதற்கு ஏழு மாதம் முன்னால்தான் ஸ்புட்னிக் மேலே போயிருந்தது. கார்லின் பத்து வருஷத்தில் செய்ததை அது ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை செய்து காட்டியிருந்தது. அதற்குப் பெட்ரோல், கேஸ்கட் தொல்லையும் இல்லை, பக்கத்து சீட்டும் இல்லை.

நிஜமாகவே தனியாகப் போவது எப்படி என்று தெரிய வேண்டுமானால் இதே வருஷங்களில் இன்னொரு ஆஸ்திரேலியரைப் பார்க்க வேண்டும். பார்பரா டாய், 1908-இல் சிட்னியில் பிறந்தவர், லண்டனில் நாடகம், சினிமாக் கதை வசனம் என்று இருந்தவர். அகதா கிறிஸ்டியின் மிஸ் மார்ப்பிள் கதை ஒன்றை 1949-இல் மேடைக்கு நாடகமாக்கிய இருவரில் ஒருவர். அந்தக் கையோடு ஒரு லேண்ட் ரோவரை வாங்கி, பாலியானா என்று பெயர் சூட்டி, வட ஆப்பிரிக்கா வழியாக பாக்தாத் வரை ஓட்டிக்கொண்டு போனார். கூட யாரும் இல்லை. இறக்கிவிடவும் யாரும் இல்லை, இறங்கிக்கொள்ளவும் யாரும் இல்லை.

அந்த லேண்ட் ரோவரும் ஒரு அவசரக் குழந்தைதான். போருக்குப் பின் இங்கிலாந்தில் இரும்புத் தகட்டுக்கு ரேஷன். விமானம் செய்து மிஞ்சிய அலுமினியம் தாராளமாகக் கிடைத்தது. ரோவர் கம்பெனி அலுமினியத்தில் பாடி கட்டியது. அந்த வெளிர் பச்சைப் பெயின்டுகூட விமானப்படையிலிருந்து மிஞ்சியதுதான். விவசாயிகளுக்காகச் செய்த வண்டி 1948-இல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அறிமுகமானது. உழவு மாடு போகிற இடமெல்லாம் போகும் என்று விற்றார்கள். டாய் அதை எடுத்துக்கொண்டு, போரில் புதைத்த கண்ணிவெடிகள் இன்னும் தோண்டி எடுக்கப்படாத லிபியப் பாலைவனத்துக்குப் போனார்.

அவர் அதிகம் அலட்டிக்கொள்ளவில்லை. கடல் வந்தால் வண்டியைக் கப்பலில் ஏற்றினார், தானும் ஏறிக்கொண்டார். கரை வந்தால் இறங்கி ஓட்டினார். 1950-களிலேயே இப்படி உலகத்தைச் சுற்றி வந்து, புத்தகங்கள் எழுதினார். அவற்றில் சிலவற்றுக்குத் தன்னையே முட்டாள் என்று சொல்லித் தலைப்பு வைத்தார். டி மென்டே வைத்ததற்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு: அவர் சொன்னது பக்கத்தில் கார்லின் இருந்ததால். இந்த அம்மாள் சொன்னது தமாஷுக்கு. நடுவில் விற்றுவிட்ட பாலியானாவை எத்தனையோ வருஷம் கழித்துத் திரும்ப வாங்கி, 1990-இல், 81 வயதில், அதே வண்டியில் மறுபடி உலகம் சுற்றக் கிளம்பினார். அந்த வயதில் நம் வீட்டில் கோயிலுக்குப் போகவே ஆள் துணை வேண்டும் என்பார்கள். துணைக்கு ஆள் வந்திருந்தால் இவருக்கு எரிச்சலாக இருந்திருக்கும்.

இருந்தாலும் சாதனைப் புத்தகத்தில் இடம் கார்லினுக்குத்தான். தண்ணீரிலும் தரையிலும் ஓடும் ஒரே வண்டியில் உலகத்தைச் சுற்றிய ஒரே ஆள் என்று கின்னஸ் எழுதி வைத்திருக்கிறது. 1981-இல் பெர்த் நகரில் காலமானார். பயணத்தின் இரண்டாம் பாதியைப் பற்றி எழுதி வைத்திருந்த புத்தகம் அவர் போய் எட்டு வருஷம் கழித்து, 1989-இல் வெளிவந்தது. வெளியிட்டது அவர் படித்த கில்ட்ஃபோர்டு கிராமர் பள்ளி. ஹாஃப்-சேஃப்பும் அங்கேதான் நிற்கிறது. தினமும் பையன்கள் அதைத் தாண்டி வகுப்புக்குப் போகிறார்கள். ஒழுங்காகப் படி, இல்லாவிட்டால் இப்படி ஆகிவிடுவாய் என்று சொல்வதற்கா, படித்தால் இப்படி ஆகலாம் என்று சொல்வதற்கா, எதற்காகப் பள்ளி அதைப் பத்திரப்படுத்தியது என்பது விளங்கவில்லை.

அந்தச் சாதனையை முறியடிக்க ஆள் வராமல் இல்லை. ரிக் டாபர்ட்டின் என்ற அமெரிக்கர் ஒரு பால் டாங்கரை விலைக்கு எடுத்தார். ஆவின் வண்டி மாதிரியானதுதான், நீளமாக, பளபளவென்று. அதன் டாங்கிக்குள்ளேயே குடியிருப்பு அமைத்து, சக்கரமும் புரொப்பல்லரும் பொருத்தி, 1990-களில் பனாமாக் கால்வாய் வரைக்கும் மிதந்து போய்க் காட்டினார். ஆனால் உலகத்தைச் சுற்றி முடிக்க முடியவில்லை. அவரும் மனைவியைக் கூட்டிக்கொண்டுதான் கிளம்பியிருந்தார்.